செண்பகவல்லிக்கு வந்த மாப்பிள்ளை

மயில்வாகனன் எழுதிய தொடர்களிலேயே இதற்குத்தான் ரசிகர்கள் குறைவு. மொத்தம் ஒன்பது. ஒன்பதும் ஓநாய். அவை தொடரைப் பார்ப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. மோந்துதான் கதையைத் தெரிந்துகொள்கின்றன.

இருந்தாலும் இப்பேர்ப்பட்ட ரசிகர்கள் அவருக்குச் சென்னையில் வாய்த்ததில்லை. அங்கே இருபது வருஷம் மாமியார் மருமகள் கதை எழுதினார். அழுகைக் காட்சி வரும் நேரம் பார்த்து ஜனங்கள் குக்கரை இறக்க எழுந்து போனார்கள். இங்கே, சத்தியமங்கலத்துக்கு மேலே எருமைக்கல் மலையில், அந்தப் பேச்சே கிடையாது. பொழுது விடிந்தால் ஓநாய்கள் எல்லைக் கல்லுக்கு வரும். மூக்கைக் கல்லோடு வைக்கும். ஒரு வரி விடாமல் மோந்து முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கேமராவில் அதைப் பார்க்கும்போதெல்லாம், போன ஜென்மத்துப் புண்ணியம் என்று மயில்வாகனன் நினைத்துக்கொள்வார்.

அவரை இந்த வேலைக்கு இழுத்து வந்தவள் சௌடேஸ்வரி. மலைக்காடு மீட்பு நிலையத்தில் ஓநாய் ஆராய்ச்சி செய்கிறவள். சத்தியமங்கலத்துப் பெண், படித்த படிப்புக்கு வெளிநாடு போயிருக்கலாம், ஓநாய்க்குப் பின்னால் மலையேறினாள். ஒரு நாள் சாலிகிராமத்தில் அவர் வீட்டுக்கே வந்து, போட்ட காபி ஆறி ஏடு கட்டும்வரை பேசினாள்.

“ஓநாய்க்கு எல்லைன்னா வேலி இல்லீங்க சார், வாசம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாடு இருக்கும். நாட்டோட ஓரத்துல தடம் பிரியற இடம், கணவாய் வாசல், தனியா நிக்கற பாறை, இப்படி இடம் பார்த்துப் பார்த்து ஒண்ணுக்கு வெச்சுட்டுப் போகும். பக்கத்து நாட்டுக்காரன் அதை மோந்தாப் போதும். வந்தது யாரு, ஆம்பளையா பொம்பளையா, என்ன தின்னாங்க, தெம்பா இருக்காங்களா, எல்லாம் தெரிஞ்சுரும். ‘செரி, வீட்டுல ஆள் இருக்குது’ன்னு திரும்பிப் போயிரும்.”

“இதுல எனக்கு என்ன வேலை அம்மிணி?” என்றார் மயில்வாகனன். அவருக்கும் பூர்வீகம் கோபிச்செட்டிபாளையம்தான். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவர் நாக்கும் ஊருக்குத் திரும்பிவிட்டது.

“எருமைக்கல் மலையில ஓநாயைத் திரும்பக் கொண்டாந்து விட்டிருக்கறோம். காடு பள்ளத்துல. அரளிக்கொம்பைங்கற ஊர் மேட்டுல. ஊர்ல வீட்டுக்கு வீடு ஆட்டுப்பட்டி. ரெண்டுக்கும் நடுவுல வேற ஒரு ஓநாய்க் குடும்பம் குடியிருக்குதுன்னு நம்ப வெச்சுட்டா, இதுக ஊர்ப் பக்கம் தலை வெச்சும் படுக்காது. வாசத்தை மெஷின்ல கலக்கறோம், கல்லுக்குக் கல்லு தானாத் தெளிக்கறோம். எல்லாம் செரியா இருக்குது. கதைதான் நிக்க மாட்டேங்குது.”

முதலில் ஒரே வாசத்தைத் தினமும் தெளித்துப் பார்த்தார்களாம். ஓநாய்கள் சில நாள் மோந்தன. அப்புறம் அந்தக் கல்லின் மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டு நடையைக் கட்டின. பிறகு கம்ப்யூட்டரிடம் கதை கேட்டார்கள். அது ஒரு குடும்பத்தை உண்டாக்கிக் கொடுத்தது. கச்சிதமான குடும்பம். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை, யாரும் வயிற்றுப்போக்கில் படுக்கவில்லை, சாப்பாட்டுக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளவில்லை. இப்படியும் ஒரு வீடு இருக்குமா என்று ஓநாய்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“எங்களுக்கு வேண்டியது, ஒரு வீட்டுக்குள்ள வருஷக்கணக்கா ஒண்ணுமே நடக்காம, ஆனா என்னமோ நடந்துக்கிட்டே இருக்கற மாதிரி எழுதத் தெரிஞ்ச ஆளுங்க சார்.”

இத்தனை வருஷத்தில் அவருடைய தொழிலை இவ்வளவு சரியாகச் சொன்னவர் யாருமில்லை. மயில்வாகனன் அந்த வாரமே பெட்டி கட்டினார். அவரைப் பிடித்துவைக்கச் சென்னையில் எதுவும் இல்லை. கடைசியாக எழுதின தொடரையும் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அவர் எழுதின எல்லாத் தொடருமே அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை சேனலில் இருந்து போன் வரும், திங்கட்கிழமை அந்த நேரத்தில் வேறொரு தொடர் ஓடும். கதாநாயகி மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கினபடியே காலத்துக்கும் நின்றுபோவாள். ஒரே ஒரு கதையையாவது உருப்படியாக முடித்துவிட்டுச் சாக வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆற்றாமை.

மலைக்கு வந்ததும் அகிலாண்டம் குடும்பத்தை உண்டாக்கினார். அகிலாண்டம் வீட்டுத் தலைவி. எட்டூருக்குக் கேட்கும் வாய் உள்ள பெண் ஓநாய். புருஷன் ரத்னசபாபதி முன்னங்காலில் முள் குத்தி, அது ஆறாமல் ஒரு மாசமாக நொண்டுகிறான். மூத்தவன் முயல் பிடித்தால் தனியாகத் தின்கிறான். அதற்கு இளையவன் முறைக்கிறான். இவ்வளவையும் வாசமாக மாற்ற ஒரு பலகை இருந்தது. யார், என்ன வயது, என்ன தின்றார்கள், உடம்புக்கு என்ன, மனசு எப்படி என்று விசையைத் தட்டினால் மலைச்சரிவில் கல்லடியில் இருக்கும் பெட்டி அதைக் கலந்து ‘புஸ்’ என்று தெளிக்கும்.

ஓநாய்கள் நம்பின. ரத்னசபாபதியின் கால் சீழ் பிடித்த வாரம் ஒன்பதும் எல்லையிலேயே பழியாய்க் கிடந்தன. இந்த ஆள் போய்விட்டால் இடம் காலியாகும் என்ற நப்பாசை. மயில்வாகனன் அவனைப் பிழைக்க வைத்தார். அவையும் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போயின.

கதையை மோக்காமலே பின்தொடர்ந்த ஒரு ரசிகரும் இருந்தார். கெம்பண்ணன். அரளிக்கொம்பை ஆட்டுக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர், ஊரிலேயே பெரிய பட்டி அவருடையது. ஓநாய் வரக்கூடாது என்று முதலில் கொடி பிடித்தவரும் அவர்தான். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: ஓநாய் ஒன்றே ஒன்று எல்லைக் கல்லைத் தாண்டி ஊர்ப் பக்கம் வந்தாலும், ஒன்பதையும் பிடித்துக் கூண்டில் ஏற்றி மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். நிலையம் கையெழுத்துப் போட்டிருந்தது. அப்படிப்பட்ட கெம்பண்ணன் தினமும் டீக்கடை பெஞ்சில் மயில்வாகனனுக்கு இடம் பிடித்து வைத்துக் காத்திருப்பார்.

“ஏனுங் ரைட்டரண்ணா, ரத்னசபாபதிக்குக் காலு எப்படி இருக்குதுங்?”

“தேவலைங்கண்ணா. இன்னைக்கு ஊணி நடந்தான்.”

“அந்த மூத்தவனை நாலு சாத்துச் சாத்தோணுமுங். தகப்பன் படுத்துக் கெடக்கறான், இவன் முசலு திங்கறான்.”

சௌடேஸ்வரி அவருக்கு விதித்த விதி ஒன்றுதான். அதை அவள் முதல் நாளே சொன்னாள், பிறகும் அடிக்கடி சொன்னாள். “கல்யாண வயசுப் பொண்ணு மட்டும் கதைக்குள்ள வரவே கூடாதுங்க சார். எந்தக் கூட்டத்துலயும் ரெண்டு வயசு ஆனா எளவட்டம் வீட்டை விட்டுக் கெளம்பும். காலி இடமும் ஒரு பொண்ணும் தேடித்தான் கெளம்பும். இல்லாத ஆளைக் காட்டிப் பயமுறுத்தறோம், அது வரைக்கும் செரி. இல்லாத ஆளைக் காட்டி ஆசை மூட்டக் கூடாது. பொய் சொல்றதுக்கும் ஒரு ஒழுக்கம் வேணுமுங்க.”

“எனக்குத் தெரியாதா அம்மிணி,” என்று மயில்வாகனனும் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

தெரியும்தான். தெரிந்தே செய்தார், அதுதான் கொடுமை.

கெடுத்தது ஒப்பீடு. மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகச் சரிவில், இதே நிலையத்துக்கு இன்னொரு கிளை இருந்தது. அங்கேயும் ஓநாய், அங்கேயும் ஊர், அங்கேயும் ஒரு கற்பனைக் குடும்பம். எழுதுகிறவர் புட்டராஜு என்று ஒரு கன்னடத் தொடர்க்காரர். கல்லுக்கு முன்னால் ஓநாய் எத்தனை நேரம் நின்று மோந்தது என்று கேமரா கணக்கெடுக்கும். மயில்வாகனன் அதற்கு டிஆர்பி என்று பெயர் வைத்திருந்தார். ஒரு மாசக் கடைசியில் சௌடேஸ்வரி பேச்சுவாக்கில், “அந்தப் பக்கம் இந்த மாசம் நம்மளை விட ரெண்டு மடங்கு நின்னு மோந்திருக்குதுங்க சார்,” என்றாள்.

அவ்வளவுதான். மயில்வாகனனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இருபது வருஷம் வியாழக்கிழமை தோறும் டிஆர்பி பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன வயிறு. எவனோ ஒருத்தன் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ரெண்டு மடங்கு வாங்குகிறான், நாம் இன்னும் முள் குத்தின காலையே வைத்து ஓட்டுகிறோமே என்று பொருமினார். டிஆர்பி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய கைக்குத் தெரியும். புத்தியைக் கேட்காமல் கை தானாக விசைக்குப் போனது.

ஐப்பசி பிறந்த வாரம் அகிலாண்டத்தின் அண்ணன் மகள் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். பெயர் செண்பகவல்லி. வயது இரண்டு. ஓநாய்க்கு அதுதான் பருவம், ஐப்பசிதான் அதற்கு முகூர்த்த மாசம். நாலு நாள் தங்கிவிட்டுப் போய்விடுவாள், விருந்தாளிதானே என்று மயில்வாகனன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எல்லையில்கூட வைக்கவில்லை, உள்ளே தள்ளி, ஊருக்குப் பக்கத்தில், கெம்பண்ணன் பட்டிக்குக் கீழே இருக்கும் கல்லில் ஒரே ஒரு சொட்டு வைத்தார்.

மலைக்காற்று காலையில் பள்ளத்திலிருந்து மேலேறும், பொழுது சாய்ந்தால் மேட்டிலிருந்து கீழே இறங்கும். ஆடு மேய்க்கிறவர்களுக்கும் ஓநாய்க்கும் இது பால்குடிப் பாடம். சாலிகிராமத்துக்காரருக்கு எங்கே தெரியும். அன்று சாயங்காலம் காற்று செண்பகவல்லியை அள்ளிக்கொண்டு போய்க் காடு முழுக்க இறைத்தது.

மறுநாள் டிஆர்பி மூன்று மடங்கு. மயில்வாகனன் கேமராவைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். அந்த ஒன்பதில் மூளிக்காதன் என்று ஒரு வாலிபன் இருந்தான். குட்டியில் காது கிழிந்தவன், சற்று அசடு, கூட்டத்தில் கடைசியாகச் சாப்பாடு கிடைக்கிறவன். அவன் எல்லைக் கல்லை விட்டு நகரவே இல்லை. மூக்கை மேட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றான். மூன்றாம் நாள் அவன் நின்ற இடத்தில் அவனைக் காணோம்.

மறுநாள் விடிந்ததும் கெம்பண்ணன் நிலையத்துக்கு வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருகிற மனிதர், அன்று பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பட்டிக்குக் கீழ கல்லுகிட்ட ஒருத்தன் உக்காந்துட்டு இருக்கறானுங். மூளிக்காது.”

சௌடேஸ்வரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஆட்டை எதாச்சும்…”

“ஆட்டைத் திரும்பிக்கூடப் பாக்கலீங் அம்மிணி. எட்டுற தூரத்துல எரநூறு உருப்படி கத்திட்டு இருக்குது. அவன் கல்லை மோக்கறான், ஊளையிடறான், காதைத் தீட்டிட்டுக் கேக்கறான். மறுக்காவும் ஊளையிடறான். எம் பொண்டாட்டி அழுகறாளுங்.”

சௌடேஸ்வரி மெல்லத் திரும்பி மயில்வாகனனைப் பார்த்தாள். மயில்வாகனன் பலகையைப் பார்த்தார். அதற்கு மேல் விசாரணை எதுவும் தேவைப்படவில்லை.

“யாருங்க சார் அவ?”

“அகிலாண்டத்துக்கு அண்ணன் மக,” என்றார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “செண்பகவல்லி.”

அவள் கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. “ஆறு வருஷமுங்க சார்,” என்றாள். “ஒவ்வொண்ணையும் குட்டியில இருந்து வளர்த்து விட்டேன். இப்ப ஒன்பதையும் கூண்டுல ஏத்தறதுக்கு நானே லாரி பேசோணும்.”

மயில்வாகனனுக்குக் கூசிப்போயிற்று. டிவியில் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறார். அவர்கள் விருப்பப்பட்டு வந்து உட்கார்ந்து அழுதவர்கள், வேண்டாமென்றால் அணைத்துவிட்டுப் போகலாம். இந்தப் பயலுக்கு அணைக்கிற விசை எங்கே இருக்கிறது?

கெம்பண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். “சங்கத்துக்கு இன்னும் சொல்லலீங். வியாழக்கிழமை சந்தையில எல்லாருமே கூடுவாங்க. அது வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்குள்ள அவனை எப்படியாச்சும் கெளப்பிருங்கோ. அதுக்கு மேல என்னால முடியாதுங்.”

முதலில் செண்பகவல்லியை அடியோடு நிறுத்திப் பார்த்தார்கள். கல் வெறும் கல்லானது. மூளிக்காதன் அதற்கும் அசையவில்லை. இன்னும் அதிகமாக ஊளையிட்டான்.

“வாசம் இல்லைன்னா செத்துட்டாள்னு அவனுக்கு அர்த்தம் இல்லீங்க சார்,” என்றாள் சௌடேஸ்வரி. “வெளிய போயிருக்கறா, வந்துருவாள்னுதான் நெனப்பான்.”

மயில்வாகனன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அம்மிணி, சீரியல்ல ஒரு நடிகை திடீர்னு நின்னுட்டா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? கொல்ல மாட்டோம். கொன்னா ஜனங்க திட்டுவாங்க. வெளியூருக்கு அனுப்பிருவோம்.”

“அதனால?”

“செண்பகவல்லியும் ஊருக்குப் போகட்டும். அவன் பின்னாலயே போவான். ஆடு மாடு, ஆளு பேரு ஒண்ணும் இல்லாத எடமா ஒண்ணு சொல்லு.”

சௌடேஸ்வரி வரைபடத்தை விரித்தாள். வடக்கே, இரண்டு மாநிலத்துக்கும் நடுவே, ஊமைக்கரடு என்று ஒரு மலை. மான் நிறைய, தண்ணீர் உண்டு, மனிதர் கிடையாது, ஓநாயும் கிடையாது. எந்தக் கூட்டத்தின் எல்லைக்குள்ளும் வராத நடு இடம். அங்கே ஒரு ஓநாய் ஊளையிட்டு யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயரோ என்னவோ.

“அங்க போய் அவன் தனியா என்னங்க சார் பண்ணுவான்?”

“கூண்டுக்கு அது தேவலை,” என்றார் மயில்வாகனன். சொல்லும்போதே அவருக்கு அது நொண்டிச் சாக்கு என்று தெரிந்திருந்தது.

ஊமைக்கரட்டுக்குப் போகும் வழியில் தெளிக்கும் பெட்டி எதுவும் கிடையாது. கையால்தான் தெளிக்க வேண்டும். ஒரு புட்டி நிறையச் செண்பகவல்லியைக் கலந்து எடுத்துக்கொண்டு, புதன்கிழமை காலையில் மயில்வாகனன் புறப்பட்டார். துணைக்கு கெம்பண்ணனும் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சௌடேஸ்வரி நிலையத்தில் இருந்தபடி மூளிக்காதனின் கழுத்துப் பட்டை எங்கே நகர்கிறது என்று பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்வதாக ஏற்பாடு.

“நேரா ஏறாதீங்க சார்,” என்றது அவள் குரல், அவர்கள் கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே. “ஓநாய் மலையில வீராப்புக் காட்டாது. வளைஞ்சு வளைஞ்சு எது லேசோ அதுலதான் போகும். மாட்டுத்தடம், ஓடைப்படுகை, அப்புறம் கணவாயைத் தாண்டி முகடு. தடம் பிரியற எடத்துல மட்டும் ஒரு சொட்டு. நட்ட நடு வழியில வெச்சீங்கன்னா பொய்யின்னு கண்டுபிடிச்சுருவான்.”

“ஓநாய்க்கு இருக்கற அறிவு எங்க டைரக்டருக்கு இருந்ததில்லை அம்மிணி.”

மயில்வாகனனுக்கு மூச்சு வாங்கியது. தொந்தி முன்னால் போக அவர் பின்னால் போனார். ஒவ்வொரு பிரிவிலும் குனிந்து, ஒரு பெண் ஓநாய் எந்த உயரத்தில் வைக்குமோ அந்த உயரத்தில் புதரடியில் ஒரு சொட்டு தெளித்தார். சும்மா தெளிக்கவில்லை, கதையாகத்தான் தெளித்தார். முதல் பிரிவில் செண்பகவல்லிக்கு அவசரம். ஓடையில் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் நின்றாள். கணவாயில் திரும்பிப் பார்த்தாள்.

“கெளம்பிட்டானுங்க சார்,” என்றாள் சௌடேஸ்வரி. கொஞ்சம் கழித்து, “ஓடையில நிக்கறான். மோக்கறான்.” பிறகு, “கணவாய்க்கு ஓடியே வர்றானுங்க.” ஒவ்வொரு தடவையும் அவள் குரலில் சந்தோஷமும் வருத்தமும் கலந்தே இருந்தன.

முகட்டில் ஏறினதும் கெம்பண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

“ரைட்டரண்ணா, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனக்காதீங்கோ.”

“கேளுங்கண்ணா.”

“செண்பகவல்லி நெசமாலுமே இல்லீங்ளா?”

“இல்லைங்கண்ணா. இந்தப் புட்டியில இருக்கறதுதான் அவ.”

“தெரியுமுங்,” என்றார் கெம்பண்ணன். “இருந்தாலும் ஒருக்கா கேட்டுப் பாத்தரலாம்னு தோணுச்சு.”

எத்தனை பொய்யைக் கூசாமல் எழுதியிருக்கிறோம், இந்த ஒரு பொய் இப்படிக் காலைப் பிடித்து இழுக்கிறதே என்று நினைத்தபடி மயில்வாகனன் நடந்தார். கரட்டின் உச்சியில் கடைசிச் சொட்டையும் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அப்புறம் அந்தப் பயல் வருவான், தேடுவான், ஊளையிடுவான், அவள் இருந்தால்தானே பதில் வரும். மழை வந்து வாசத்தைக் கழுவும். அவன் அப்போதும் உட்கார்ந்திருப்பான். மாடிப்படியில் இன்னொரு பாத்திரம் காலைத் தூக்கினபடி நிற்கப்போகிறது, இந்தத் தடவை கதாநாயகன்.

உச்சியில் ஒரு மொட்டைப்பாறை. வானம் மூட்டம் போட்டிருந்தது. பொழுது சாயவும் காற்று இறங்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. மயில்வாகனன் பாறையின் அடியில் குனிந்து புட்டியைத் திறந்து கடைசிச் சொட்டை வைத்தார்.

பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தார். அவரைப் போலவே தொந்தி, அவரைப் போலவே வியர்வை, கையில் அவரைப் போலவே ஒரு புட்டி. அந்த மனிதர் பாறையடியில் குனிந்து தெளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் இவரைப் பார்த்தார். இவர் கையில் இருந்ததைப் பார்த்தார். வெட்கத்தில் அந்த ஆளின் காதுமடல் சிவந்தது.

“யாருங் நீங்க?” என்று கெம்பண்ணன் தமிழில் கேட்டு, அதையே கன்னடத்திலும் கேட்டார்.

“தமிழு பரும், வரும்,” என்றார் அந்த மனிதர். “நானு புட்டராஜு. சீரியல் ரைட்டரு. நீங்க அந்தக் கடே, அந்தப் பக்கத்து மயில்வாகனன் சார் தானே?”

மயில்வாகனன் தலையை ஆட்டிப் புட்டியைக் காட்டினார். “இது செண்பகவல்லி.”

புட்டராஜுவும் தன் புட்டியைக் காட்டினார். “இது சந்திரகாந்த்.” தலையைக் குனிந்துகொண்டார். “ஹீரோ சார். எங்க மேடம் வேண்டா, எளவட்டம் வேண்டான்னு சொன்னாங்க. ஆனா உங்க பக்கம், ரத்னசபாபதி காலு, எல்லா ஓநாயும் பார்டர்லயே படுத்துச்சாமே. டிஆர்பி ஜாஸ்தின்னு கேட்டு எனக்கு ஹொட்டே உரி. வயித்தெரிச்சல். அதுக்கு நான் ஒரு ஹீரோவைப் போட்டேன்.”

“உங்க டிஆர்பி ரெண்டு மடங்குன்னு கேட்டுத்தான் நான் செண்பகவல்லியைப் போட்டேன்.”

“ஓ,” என்றார் புட்டராஜு. “அது சந்திரகாந்த்தோட டிஆர்பி.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் குட்டு வாங்கின இரண்டு பேர் பார்த்துக்கொள்வதுபோல இருந்தது.

“உங்க பக்கமும் யாராச்சும் கெளம்பிட்டாங்களா?” என்று மயில்வாகனன் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு பொண்ணு. கெம்பின்னு பேரு, செவப்பா இருப்பா. ஊருக்குள்ள வந்து குந்திட்டா. அவளைக் கெளப்பத்தான் சந்திரகாந்தை இங்க வரைக்கும் நடத்திட்டு வந்தேன். பாவம் சார், காலையிலிருந்து பின்னாடியே வர்றா.”

“கெம்பியா, நம்ம பேரு,” என்றார் கெம்பண்ணன்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. “சார், மூளிக்காதன் உங்களுக்கு நேர் கீழ வந்துட்டான். நீங்க எல்லாரும் வெலகிப் போயிருங்க. என்னங்க சார், யாரோ பேசற சத்தம் கேக்குது?”

“அப்புறம் சொல்றேன் அம்மிணி.”

மூவரும் காற்றுக்கு மறைவாக ஒரு பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார்கள். இரண்டு எழுத்தாளருக்கும் அந்த மறைவில் இடம் போதவில்லை. கெம்பண்ணன் பாதி வெளியே நின்றார்.

மூளிக்காதன் தெற்கிலிருந்து வந்தான். நாக்கு தொங்கியது. கடைசிப் பிரிவில் செண்பகவல்லியின் சொட்டை மோந்துவிட்டு மொட்டைப்பாறையைப் பார்த்து ஓடி வந்தவன், பாதியில் அப்படியே நின்றுவிட்டான். கிழியாத காது நிமிர்ந்தது. வடக்கிலிருந்து, சரிவின் அந்தப் பக்கத்தில், செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் ஓநாய் ஏறி வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது.

“சார், நின்னுட்டானுங்க,” என்றாள் சௌடேஸ்வரி பதற்றத்துடன். “என்ன ஆச்சு?”

“பொண்ணு பாக்கறான் அம்மிணி,” என்று கிசுகிசுத்தார் மயில்வாகனன். “கொஞ்சம் சும்மா இரு.”

வாலை எங்கே வைப்பது என்று மூளிக்காதனுக்குத் தெரியவில்லை. தூக்கினான், தாழ்த்தினான், பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தான். கெம்பி இரண்டு எட்டு முன்னால் வந்து மூக்கை நீட்டினாள். அவனும் நீட்டினான். அவள் சடாரென்று முன்னங்காலை மடக்கிக் குனிந்து, துள்ளி, ஓடினாள். அவன் அசடுபோல ஒரு கணம் பார்த்துவிட்டு அவள் பின்னால் ஓடினான். மொட்டைப்பாறையைச் சுற்றி இரண்டு சுற்று. பாறையின் ஒரு அடியில் சந்திரகாந்த், இன்னொரு அடியில் காலையில் கலந்த சூட்டோடு செண்பகவல்லி. இரண்டு ஓநாயும் மூன்றாவது தடவையும் அதே பாறையைத் தாண்டின. ஒன்றுகூட நின்று மோக்கவில்லை, அப்படியே சரிவில் இறங்கி மறைந்தன.

“ஒரு மோப்பம் சார்,” என்றார் புட்டராஜு, நெஞ்சில் கை வைத்து. “ஒரே ஒரு மோப்பம். அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினேன்.”

மயில்வாகனனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. சரிவின் கீழிருந்து ஒரு ஊளை எழுந்தது, உடைந்த குரலில், மூளிக்காதனுடையது. அது முடிவதற்குள் இன்னொன்று அதோடு சேர்ந்துகொண்டது. ஊமைக்கரடு முழுக்க அது போய்த் திரும்பி வந்தது.

வாக்கி-டாக்கி வழியாக அந்த ஊளை சௌடேஸ்வரிக்கும் எட்டியிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

“நாளைக்குச் சந்தையில சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்,” என்றார் கெம்பண்ணன் துண்டை உதறி. இரண்டடி நடந்தவர் நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. “அப்ப செண்பகவல்லிக்கு?”

மூவரும் புட்டிகளைப் பார்த்தார்கள். இரண்டிலும் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“எங்க சந்திரகாந்த் ஒத்தையாத்தானே இருக்கான்,” என்றார் புட்டராஜு தயங்கித் தயங்கி. “நல்ல பையன் சார். கெட்ட பழக்கம் இல்லை.”

மயில்வாகனனுக்குக் கை துறுதுறுத்தது. ஒரே பாறையில் இரண்டு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில். புதுசாகக் குடித்தனம் வைக்கிற ஓநாய் ஜோடி அப்படித்தான் அடையாளம் வைக்கும் என்று சௌடேஸ்வரி சொல்லியிருக்கிறாள். கதை கச்சிதமாகக் கூடி வந்துவிட்டது. இருபது வருஷமாக எழுத ஆசைப்பட்ட முடிவு, கைக்கு எட்டும் தூரத்தில். புட்டராஜு அதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். மயில்வாகனனும் குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றார். நாளைக்கு அந்த இரண்டும் இந்தப் பாறைக்குத் திரும்பி வரும். மூக்கை வைக்கும். வீட்டில் ஆள் இருக்கிறது என்று திரும்பிப் போய்விடும்.

“வேண்டாம் சார்,” என்றார். “நாம எழுதினா அதுகளுக்கு இடம் இல்லாமப் போயிரும்.”

புட்டராஜு அவரைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், மூடியைத் திருகினார். மயில்வாகனனும் செண்பகவல்லியின் மூடியை இறுகத் திருகிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாறையடியில் இருந்த பழைய சொட்டுகளின் மேல் ஐப்பசி மழை விழத் தொடங்கியது. இரண்டு எழுத்தாளரும் தொந்தியைப் பிடித்துக்கொள்ள, மூவரும் அவரவர் பக்கம் இறங்கினார்கள்.